ஒன்றரை சென்டிமீட்டர்

காரை ரோட்டோடு ஒட்டிப் போகிற மாதிரி இறக்கி வைப்பது காலேஜ் பையன்கள் செய்கிற வேலை. பார்க்கிறவன் திரும்பிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அவர்களுக்கு. ஐம்பத்தோரு வயதில், இடது காலில் நடக்கத் தாங்குகிற இரும்புக் காலிபர் மாட்டிக்கொண்டு, சாப்பாட்டுப் பையோடு அதே வேலைக்கு நான் போய் நின்றபோது, பட்டறையில் இருந்த இரண்டு பையன்கள் நான் வழி கேட்க வந்திருக்கிறேன் என்றுதான் நினைத்தார்கள். ஸ்பிரிங் மாற்ற வந்திருக்கிறேன் என்றதும் ஒருவன் என் காரைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தான். "செமயா இருக்கும் ஆன்ட்டி" என்றான். எனக்குச் செமயாக இருக்க வேண்டாம், ஏறி உட்கார்ந்தால் போதும் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை.

என் உயரம் நாலடி ஏழங்குலம். சின்னதிலேயே போலியோ வந்து இடது கால் சூம்பிப் போனது. அதைப் பற்றிப் புலம்ப எனக்கு ஒன்றும் இல்லை, பழகிப்போன சங்கதி. இருபது வருடம் சங்கரன்கோவிலுக்குள்ளேயே ஆபீஸ். பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரில் நானே ஏறுவேன், நானே இறங்குவேன், ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில்கூட ஓரமாக நுழைந்து போய்விடுவேன். பிறகு மேலநீலிதநல்லூருக்கு மாற்றல் போட்டார்கள். அந்த ரோட்டில் தினமும் போய் வந்து முதுகு கழன்றுவிட்டது. இனிமேல் ஸ்கூட்டரைத் தொடக் கூடாது என்றார் டாக்டர். கிளட்ச் இல்லாத பழைய கார் ஒன்று வாங்கினோம். வலது கால் ஒன்றே போதும். ஓட்டுவதில் எனக்கு ஒரு சிரமமும் கிடையாது, ஏறுவதில்தான் எல்லாச் சிரமமும்.

சின்ன கார்தான், ஆனால் சீட் உயரம். எனக்குக் கிட்டத்தட்ட இடுப்பு வரை வந்தது. வீட்டுக் கட்டிலில் நான் யார் கையையும் பிடிக்காமல் உட்கார்ந்துவிடுவேன். ஒரு நாள் இரண்டையும் டேப் வைத்து அளந்து பார்த்தோம். கட்டில் ஐம்பத்தாறு சென்டிமீட்டர், கார் சீட் அறுபது. அந்த நாலு சென்டிமீட்டருக்கு நான் இன்னொருத்தர் கையை எதிர்பார்த்து நிற்க வேண்டியிருந்தது.

அந்தக் கை என் வீட்டுக்காரருடையது. அவர் கண்டக்டர். சங்கரன்கோவில், சிவகிரி, ராஜபாளையம் என்று முப்பது வருடத்துக்கு மேல் பஸ்ஸில் நின்றுகொண்டே இருந்தவர். நான் கார் வாங்கிய மாதத்தில்தான் ரிட்டயர் ஆனார். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது, ஓட்டுகிறவரைக் குறை சொல்லத் தெரியும். காலையில் அயர்ன் பண்ணிய சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து, குளிக்கும்போது உட்காருகிற குட்டி ஸ்டூலைக் கார்க் கதவுக்குக் கீழே வைப்பார். நான் வலது காலை அதில் ஊன்றி ஏறுவேன். அவர் ஒரு கையால் என் கையையும் இன்னொரு கையால் இடுப்பையும் பிடித்து உட்கார வைத்து, காலிபர் காலைத் தூக்கி உள்ளே வைப்பார். ஸ்டூலைப் பின்னால் போட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து உட்காருவார். ஆபீஸில் என்னை இறக்கிவிட்டு, பஸ் பிடித்து வீட்டுக்குப் போவார். சாயங்காலம் திரும்பவும் பஸ் ஏறி வந்து, என்னைக் காரில் ஏற்றி, கூடவே வருவார்.

ஆபீஸில் எல்லோரும் அவரைத்தான் புகழ்வார்கள். "தங்கமான மனுசன்க்கா. குடுத்து வச்சவ நீங்க" என்பார்கள். வேலை பார்க்கிறது நான், வண்டி ஓட்டுவது நான், தங்கம் மட்டும் அவர். எனக்கு எரிச்சலாக வரும். நன்றி கெட்டவள் என்று பேர் வாங்க வேண்டாமே என்று சிரித்து வைப்பேன். தலைவலி என்று அரை நாள் லீவு போட்டால்கூட, அவர் வருகிற பஸ் வரும்வரை ஆபீஸ் வாசலில் காத்துக் கிடப்பேன். என் கார் என் கண் முன்னால் நிற்கும், அதன் சாவி என் கையில் இருக்கும். அந்த நேரத்தில் எனக்கு வருகிற கோபத்தைப் பார்த்திருந்தால் யாரும் என்னைக் கொடுத்து வைத்தவள் என்று சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஸ்டூலில் கயிறு கட்டிப் பார்த்தேன். தனியாக ஏறி உட்கார்ந்துவிட்டு, கயிற்றை இழுத்து ஸ்டூலை உள்ளே எடுத்துவிடலாம் என்று திட்டம். ஸ்டூல் மேல் ஒற்றைக் காலில் நிற்கும்போது பிடிக்க ஆள் இல்லாவிட்டால் உடம்பு ஆடுகிறது. ஒரு தடவை எப்படியோ ஏறிவிட்டேன், கயிறு அவிழ்ந்துவிட்டது, காரை நகர்த்தும்போது ஸ்டூல் சக்கரத்தில் மாட்டி நொறுங்கியது. "நான்தான் இருக்கேம்லா, ஒனக்கு எதுக்கு இந்த வேலை" என்று சொல்லி அவர் போய்ப் புது ஸ்டூல் வாங்கி வந்தார்.

ஸ்பிரிங் மாற்றினால் கார் இறங்கும் என்று சொன்னது எங்கள் ஆபீஸில் கம்ப்யூட்டர் பார்க்கிற பையன். ராஜபாளையம் ரோட்டில் இருந்த அந்தப் பட்டறையையும் அவன்தான் காட்டினான். பட்டறைக்காரர் கடையநல்லூர்க்காரர், வளைகுடாவில் பெரிய கராஜ் ஒன்றில் பதினோரு வருடம் இருந்துவிட்டு வந்தவர். என் காலைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார், சிரிக்கவில்லை. அதனாலேயே எனக்கு அவர் மேல் ஒரு மரியாதை வந்தது.

"நாலு சென்டிமீட்டர் எறங்கும்க்கா. ஆனா இன்னைக்கே எறங்காது. புது ஸ்பிரிங்கு பாத்தீயளா, ஓட ஓடத்தான் உக்காரும்" என்றார்.

பழைய ஸ்பிரிங்கைக் கழற்றி, குட்டையான புது ஸ்பிரிங்கைப் போட்டார். சக்கரத்தின் நடுவிலிருந்து மேலே மட்காடு விளிம்பு வரை அளந்தார். வேலைக்கு முன்னால் அளந்ததைவிட இரண்டரை சென்டிமீட்டர் குறைந்திருந்தது. மீதி ஒன்றரையும் உட்கார்ந்துவிடும், இன்ஷா அல்லாஹ் என்றார்.

எனக்குப் பொறுமை கிடையாது. அன்று சாயங்காலமே, வீட்டுக்காரர் உள்ளே போயிருந்த நேரத்தில், ஸ்டூல் இல்லாமல் ஏறப் பார்த்தேன். பாதி சீட் வரை போய்விட்டேன். அந்த ஒன்றரை சென்டிமீட்டர் என்பது ஒரு விரல் அகலம்தான், ஆனால் அந்த ஒரு விரலில் வழுக்கி, கதவுக்கும் சீட்டுக்கும் நடுவே இடுப்பு அடிபட்டுத் தெருவில் உட்கார்ந்துவிட்டேன். எதிர்வீட்டு அம்மா ஓடிவந்தாள். அவர் வந்து என்னைத் தூக்கினார். 

"முழுசா நாலும் எறங்கட்டும். அதுவரைக்கும் நீ தனியா ஏற மாட்டேன்னு சொல்லு" என்றார்.

சரி என்றேன். விழுந்த வெட்கத்தில் சொன்ன சரி அது.

அதற்குப் பிறகு தினமும் காலையில் அவர்தான் அளந்தார். நான் குத்துக்காலிட்டு உட்கார முடியாது. அவர் டேப்பை வைத்துப் பார்த்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு எழுந்து, "ரெண்டரை" என்பார். ஒரு வாரம் போனது, ரெண்டரை. இரண்டு வாரம், அதே ரெண்டரை. பஸ் ஸ்டாண்டு பக்கம் வண்டியை நிறுத்தினால் பையன்கள் வந்து குனிந்து பார்ப்பார்கள். "ஆன்ட்டி, எவ்வளவு எறக்கியிருக்கீங்க?" என்று கேட்பார்கள். ரெண்டரை என்றால் ஒருத்தன் முகத்திலும் மரியாதை தெரியாது.

திரும்பவும் பட்டறைக்குப் போனோம். பட்டறைக்காரர் வண்டிக்கு அடியில் படுத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். வெளியே வந்து, "எம்மேலதான் தப்புக்கா" என்றார்.

எந்த மெக்கானிக் வாயிலிருந்தும் நான் கேட்டிராத வார்த்தை. என்ன தப்பு என்று கேட்டேன், சொன்னார். சக்கரத்தைத் தாங்குகிற ஆர்ம்களை வண்டியோடு சேர்க்கிற இடத்தில் ரப்பர் இருக்கிறது, அதன் நடுவே போல்ட் போகிறது. அவர் வேலை பார்த்த வெளிநாட்டுக் கராஜில் வண்டியைச் சக்கரத்தில் நின்ற மேனிக்கே தூக்குகிற லிஃப்ட். வண்டியின் பாரம் சக்கரத்தில் இருக்கும்போதே அந்த போல்ட்டை இறுக்குவார்கள். பதினோரு வருடம் அப்படியே கை பழகிவிட்டது. இங்கே ஜாக்கி. ஜாக்கியில் தூக்கினால் சக்கரம் தொங்குகிறது. ஸ்பிரிங்கைப் போட்ட கையோடு, தொங்குகிற நிலையிலேயே இறுக்கிவிட்டார். ரப்பர் அந்த நிலையிலேயே பிடித்துக்கொண்டது. வண்டி கீழே வரப் பார்க்கிறது, ரப்பர் முறுக்கிக்கொண்டு விடமாட்டேன் என்கிறது.

"ஸ்பிரிங்கு என்ன செய்யும் பாவம்" என்றார்.

வண்டியைத் தரையில் நிறுத்தியபடியே போல்ட்டுகளைத் தளர்த்தி, ஆட்டி விட்டு, மறுபடி இறுக்கினார். அப்போதும் ஒரேயடியாக வராது, நல்ல பாரம் ஏற்றி நாற்பது ஐம்பது கிலோமீட்டர் ஓட்டுங்கள் என்றார். என் வீட்டுக்காரர் உடனே பொறுப்பை எடுத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்த்தால், அவரோடு வேலை பார்த்து ரிட்டயர் ஆன மூன்று பேர் வாசலில் நிற்கிறார்கள். மூன்று பேரும் கண்டக்டர்கள். மூன்று பேருக்கும் தொந்தி. அவரையும் சேர்த்து நாலு கண்டக்டர்களை ஏற்றிக்கொண்டு நான் சிவகிரி வரை போய் வந்தேன். நாலு பேரில் ஒருத்தருக்கும் ஓட்டத் தெரியாது, ஒருத்தரும் சும்மாவும் வரவில்லை. பின்னால் இருந்து ஒருவர் "வரட்டும், வரட்டும்" என்கிறார். இன்னொருவர் "லெஃப்ட்ல சைக்கிள்" என்கிறார். வேகத்தடை வந்தால் அடியில் உரசும் என்று நான் நிறுத்தி நிறுத்திப் போனேன். "இப்படி ஓட்டுனா டைம் கீப்பர் லேட்டுன்னு எழுதிருவான்த்தா" என்று நடுவில் இருந்தவர் சொல்ல, எல்லோருக்கும் சிரிப்பு. சிவகிரியில் காபி சாப்பிட்டோம். மேற்கே மலை நல்ல தெளிவாகத் தெரிந்தது. என் வீட்டுக்காரர் அவ்வளவு சிரித்து ரிட்டயர் ஆனதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவர்கள் போன பிறகு, அவர் டேப்பை எடுத்துக்கொண்டு சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். வழக்கத்தைவிட நேரம் எடுத்தது. எழுந்து டேப்பைச் சுருட்டினார்.

"ரெண்டரைதான்" என்றார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் முன்னால் அழக் கூடாது என்று உள்ளே போய் முகம் கழுவினேன். அதற்குப் பிறகு அளப்பதைப் பற்றி நானாகக் கேட்பதை விட்டுவிட்டேன். அவர்தான் தினமும் அளந்து சொன்னார். ஒரு திங்கட்கிழமை "ரெண்டே முக்கா" என்றார். அன்றைக்கு நான் கேசரி கிண்டினேன்.

நீயே ஒரு தடவை ஏறிப் பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். நான் கதவைத் திறப்பதற்குள் ஸ்டூல் வந்துவிடும், கை வந்துவிடும். ஏறும்போது முட்டி ஸ்டியரிங்கில் இடிப்பதைக்கூடக் கவனித்தேன், அவர்தான் அதிகமாகத் தூக்குகிறார் என்று நினைத்தேன். ஒருத்தர் தினமும் தாங்கிக்கொண்டே இருந்தால் நம் உடம்பு எங்கே இருக்கிறது என்று நமக்கே தெரியாமல் போய்விடுகிறது.

கொஞ்ச நாள் ஓட்டிவிட்டுச் சக்கரம் நேராக இருக்கிறதா என்று பார்க்க வரச் சொல்லியிருந்தார் பட்டறைக்காரர். ஒரு சனிக்கிழமை போனோம். என்னை இறக்கி நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, வீட்டுக்காரர் எதிரே டீக்கடைக்குப் போனார். பட்டறைக்காரர் வேலையை முடித்துவிட்டு, கடைசியாக டேப்பை வைத்துப் பார்த்தார்.

"நாலு. ஒரு பொட்டுக் கூடவே எறங்கியிருக்கு. அப்படியே நிக்கி, இனி எறங்காது" என்றார்.

"ரெண்டே முக்காதான" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். "இல்லக்கா. அண்ணாச்சி அந்த ஞாயித்துக்கெழமையே போன் பண்ணி, நாலு வந்துட்டுன்னு சொன்னாவளே. ரொம்ப சந்தோசம் தம்பின்னும் சொன்னாவ. ஒங்ககிட்ட சொல்லலியா?"

சொன்னார், மறந்துவிட்டேன் என்றேன். இன்னொருத்தர் முன்னால் அவரை விட்டுக்கொடுக்க எனக்கு மனது வரவில்லை, அந்தக் கோபத்திலும்.

எழுந்து கார் பக்கம் போனேன். கதவைத் திறந்தேன். சீட்டுக்கு முதுகைக் காட்டி நின்று, கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். வீட்டுக் கட்டிலில் உட்காருகிற மாதிரியே இருந்தது. காலிபர் காலை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைத்தேன். மொத்தம் அரை நிமிடம்கூட ஆகவில்லை. சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அவர் எனக்கும் சேர்த்து டீ வாங்கிக்கொண்டு வந்தார். நாற்காலியைப் பார்த்தார், காரைப் பார்த்தார். மற்றப் பக்கம் வந்து ஏறி உட்கார்ந்தார். டீ கையிலேயே இருந்தது.

"எத்தன நாளாச்சு?" என்று கேட்டேன்.

"இருபது நாள்" என்றார். கணக்குத் தப்பாது அவருக்கு.

"கேசரி வேற தின்னீய."

 நான் வண்டியை எடுத்தேன். ஊருக்குள் வந்து, ரதவீதிக்குத் திரும்பும்போதுதான் வாயைத் திறந்தார்.

"நீ தனியாப் போயிட்டா, காலைல எந்திரிச்சு நான் எதுக்குச் சட்டை போடணும்?"

குரலில் ஒரு குழைவும் கிடையாது. பஸ் எத்தனை மணிக்கு என்று யாரோ கேட்டதற்குப் பதில் சொல்கிற மாதிரிதான் சொன்னார். எனக்கு அவர் மேல் இரக்கம் வந்தது உண்மை. அதைவிடப் பெரிதாகக் கோபம் இருந்ததும் உண்மை. இருபது வருடம் நான் தனியாகப் போய் வந்தபோது அவர் பஸ்ஸில் யார் யாரையோ ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். அப்போது நான் எதற்குச் சட்டை போடுகிறேன் என்று யோசித்தாரா? அவருடைய பொழுது போவதற்கு என் காலை வைத்துக்கொள்வாரா?

"அது ஒங்க பாடு. திங்கக்கெழமை நான் தனியாத்தான் போவேன். சாயங்காலமும் நீங்க வர வேண்டாம்" என்றேன்.

திங்கட்கிழமை போனேன். வாசலில் அவர் நின்றார், கிட்டே வரவில்லை. நான் ஏறி உட்கார்ந்தேன், கதவைச் சாத்தினேன், கிளம்பினேன். பக்கத்து சீட் காலியாக இருந்தது. கண்ணாடியை இறக்கிவிட்டேன். அவர் இருந்தால் தூசி வருகிறது என்பார். ஊரைத் தாண்டியதும் ஒரு பக்கம் உளுந்துக் காடு, ஒரு பக்கம் வெறும் கரிசல். ஒன்றுமே பெரிய விசேஷம் இல்லை. ஆனாலும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, வாய்விட்டுச் சிரித்தேன். ஆபீஸ் வாசலில் வாட்ச்மேன் ஸ்டூலுக்குப் பதிலாகத் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார், வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு நானே இறங்கினேன். "அண்ணாச்சி வரலியா? ஒடம்புக்குச் சரியில்லையா?" என்று அன்றைக்கு ஆறு பேர் கேட்டார்கள்.

சாயங்காலம் ஐந்தே முக்காலுக்குக் கிளம்பினேன். ஆபீஸைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பஸ் ஸ்டாப். சங்கரன்கோவில் பஸ்ஸுக்கு நாலைந்து பேர் நின்றார்கள். அதில் ஒருவர் என் வீட்டுக்காரர். அயர்ன் பண்ணிய நீலச் சட்டை. எப்போதும் வருகிற பஸ்ஸில் வந்திருக்கிறார், ஆபீஸ் பக்கம் வராமல் ஸ்டாப்பிலேயே நின்றுவிட்டார். என் காரைப் பார்த்ததும் கையைக் காட்டினார்.

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்துவிட்டார் என்பதும் எனக்குத் தெரிந்தது. பாவமாக இருந்தது. ஆனால் கால் பிரேக்குக்குப் போகவில்லை. போய்விட்டேன்.

அவர் அடுத்த பஸ்ஸில் வந்து சேர முக்கால் மணி நேரம் ஆனது. செருப்பைக் கழற்றினார், காலைக் கழுவினார். நான் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன்.

"கை காட்டுனேன்" என்றார்.

"பாத்தேன்" என்றேன்.

"நீ பாக்கலன்னு நெனச்சேன்."

"பாத்தேன். நிப்பாட்டல."

அவர் தலையை ஆட்டினார். தப்பு சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. காபியைக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார். 

மறுநாள் காலை நான் புறப்படும்போது எட்டேகால் இருக்கும். அவர் பனியனோடு உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கேட்டைச் சாத்திக்கொள்ளச் சொன்னேன். "சாத்துதேன்" என்றார், பேப்பரை இறக்காமல்.